ஒரு தப்பு கட்டி, காய்ச்சி, அடிப்பது எப்படி

பறை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே வாங்கலாம்?" என்றுதான். நான் கடை விலாசம் கொடுப்பதில்லை. ஒன்றையாவது கூட இருந்து கட்டுங்கள், அப்புறம் அடிக்கப் பழகலாம் என்பேன். அடிக்கிறவர்களுக்கு இன்று மேடை கிடைக்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. தோலை அலசிச் சுரண்டுகிற வேலைக்குத்தான் இன்னமும் யாரும் கை நீட்டுவதில்லை. பறையின் ஓசையில் பாதி அந்த வேலையில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்தார்கள் என்பதைக் காரணம் காட்டித்தான் எங்கள் பெரியவர்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அதனால் இந்தக் குறிப்பில் தோலைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு இது தப்பு, ஆட்டம் தப்பாட்டம். மதுரை, திண்டுக்கல் போனால் பறை, பறையாட்டம். தப்பட்டை என்று சொல்கிற ஊர்களும் உண்டு. எல்லாம் ஒரே வாத்தியம்தான்: வட்டமான மரச்சட்டம், ஒரு முகத்தில் மட்டும் தோல், பின்பக்கம் திறப்பு, இரண்டு குச்சி. அப்பாவும் பெரியப்பாவும் கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து நான் பழகியது இது. வேறு ஊரில் வேறு மாதிரி கட்டுவார்கள். அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

கட்டை

மரம் வேம்பு, பூவரசு, பலா இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு வேம்பு பிடிக்கும். எளிதில் கிடைக்கும், பூச்சி அண்டாது. எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக வேண்டும். பச்சை மரத்தில் கட்டினால் சில மாதத்தில் முறுக்கிக்கொண்டு மூட்டு வாயைத் திறந்துவிடும்.

வட்டத்தை ஒரே மரத்தில் குடைவதில்லை. மூன்று வளைவுத் துண்டுகளாக அறுத்து இணைப்பதுதான் வழக்கம். 35 செ.மீ. குறுக்களவு உள்ள தப்புக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்: ஒரு அட்டையில் ஆணி அடித்து நூல் கட்டி, ஒரே மையத்திலிருந்து 17.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் 14.5 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டமும் போடவும். நடுவே கிடைக்கிற 3 செ.மீ. பட்டையை மூன்று சமபாகமாக வெட்டினால் அதுவே அச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் 31 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயரம் உள்ள கட்டை போதும். அட்டையை வைத்துக் கோடு போட்டு மரப்பட்டறையில் கொடுத்தால் அறுத்துத் தருவார்கள். இந்த ஒரு வேலையை மட்டும் இயந்திரத்திடம் விடுவதில் எனக்கு வருத்தம் இல்லை.

மூன்று துண்டுகளையும் சேர்த்து, மூட்டுக்கு ஒன்றாக மூன்று இரும்புப் பட்டைகளை உள்பக்கம் வைத்து முடுக்கவும். பட்டையை முதலில் வளைவுக்குத் தட்டி வளைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பட்டையை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் அது மரத்தைப் பிளந்துவிடும். பிறகு வட்டத்தைச் சமதரையில் கவிழ்த்து வையுங்கள். எங்காவது ஆடினாலும், அடியில் வெளிச்சம் தெரிந்தாலும், அது போகிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

தோல் உட்காரப் போகிற விளிம்பை உள்பக்கமாகச் சரித்துச் சீவுங்கள். தோல் வெளி ஓரத்தில் மட்டும் தொட்டால் போதும். 3 செ.மீ. அகலமும் தட்டையாக விட்டுவிட்டால் அடிக்கும்போது தோல் மரத்தில் மோதி ஒரு கரகரப்பு வரும். வெளி ஓரத்தையும் கூர்மையாக விடாமல் விரலால் தடவினால் வழுக்குகிற மாதிரி மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில்தான் தோல் முதலில் அறும்.

தோல்

கன்றுத் தோல்தான் தப்புக்கு ஏற்றது. பெரிய மாட்டின் தோல் தடித்திருக்கும், சூடு ஏற நேரமாகும், ஓசை அடங்கி வரும். முதன்முதலில் கட்டிப் பார்க்கிறவர்கள் இறைச்சிக் கடையில் ஆட்டுத் தோல் வாங்கியும் பழகலாம். அது மெல்லியது, சீக்கிரம் கிழியும். ஆனால் கை பழக நல்லது.

வாங்கும்போது வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உரிக்கும்போது கத்தி பட்ட இடம், சூட்டுத் தழும்பு, உண்ணி கடித்த ஓட்டை எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். முதுகுப் பக்கம் தடிமன், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. முதுகுத்தண்டுக் கோடு வட்டத்தின் நடுவே வரும்படி 55 செ.மீ. வட்டம் கிடைக்குமா என்று அளந்து பார்த்து எடுக்கவும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும்.

உப்புப் போட்ட தோலாக இருந்தால் முதல் நாள் முழுக்க வெறும் தண்ணீரில் ஊற வைத்து, உப்பு போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அடுத்தது சுண்ணாம்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தோல் முங்குகிற அளவு தண்ணீர் விட்டு, 10 லிட்டருக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் நீர்த்த சுண்ணாம்பைக் கரைக்கவும். கையில் ரப்பர் உறை, கண்ணில் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பெரியவர்கள் வெறுங்கையால் செய்தார்கள் என்றால் வேறு வழி இல்லாமல் செய்தார்கள். அதை வீரம் என்று நினைத்துப் பின்பற்ற வேண்டாம்.

காலையும் மாலையும் ஒரு கழியால் தோலைப் புரட்டிப் போடுங்கள். மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் முடி கழன்றுவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். பதம் பார்ப்பது கட்டைவிரலால்: கழுத்துப் பக்கத்தில் முடியை வளர்ந்த திசைக்கு எதிராக ஒரு தள்ளு. முடி வேரோடு நழுவி, அடியில் வெள்ளைத் தோல் வழவழப்பாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். பிடுங்க வேண்டியிருந்தால் இன்னொரு நாள் இருக்கட்டும். அதற்கு மேல் விட்டால் தோலின் உரம் போய்விடும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. உருண்டையான ஒரு மரத்துண்டைச் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியின் முதுகால் முடியை வழிக்கவும். பிறகு திருப்பிப் போட்டு, கறிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் சவ்வையும் கூர்ப்பக்கத்தால் சுரண்டவும். கத்தியைப் படுக்க வைத்துத் தள்ள வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் தோலுக்குள் இறங்கிவிடும். அப்பா இந்த வேலையின்போது யாரையும் பேச விடமாட்டார். கத்தியின் சத்தத்தைக் கேட்டபடியே சுரண்டுவார். தடித்த இடத்தில் கத்தி மந்தமாக நகரும். தோல் மெலிய மெலிய 'சர்' என்ற சத்தம் மேலேறும். வட்டம் முழுவதும் ஒரே சத்தம் வந்ததும் கத்தியைக் கீழே வைப்பார். அந்தக் காது வர நாளாகும். அதுவரைக்கும் இரண்டு விரலால் தோலை மடித்துப் பிடித்து இடம் இடமாகத் தடிமன் பாருங்கள்.

நாற்றம் இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம். முகத்தைச் சுளிக்காமல் இந்த ஒரு நாளைக் கடந்து வருகிறவர்களிடம்தான் நான் குச்சியைக் கொடுக்கிறேன். கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகளில் பலர் இந்த நாளுக்குப் பிறகு என்னிடம் கேட்கிற கேள்விகளே வேறாகிவிடும். எந்தத் தாளம், எத்தனை அடவு என்பது போய், இந்த வேலையை யார் செய்தார்கள், கூலி என்ன கொடுத்தார்கள் என்று கேட்பார்கள்.

சுரண்டி முடித்த தோலை, தண்ணீர் தெளிகிறவரை பல முறை அலசுங்கள். சுண்ணாம்பு தங்கிவிட்டால் பசை பிடிக்காது.

பசை, ஒட்டு

பசை புளியங்கொட்டையில்தான். கொட்டையை வறுத்து, மேல்தோலை உடைத்து நீக்கி, உள்பருப்பை இரவு முழுக்க ஊற வைத்து மையாக அரைக்கவும். தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் கரண்டியிலிருந்து கயிறாக இறங்குகிற பதம் வரும். இறக்கி ஆறவிட்டு ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. மயில்துத்தம் நஞ்சு, அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கட்டையின் வெளிச்சுற்று முழுவதும் பசையைப் பூசுங்கள். ஈரத் தோலை முடியிருந்த பக்கம் மேலாக வைத்து எதிரும் புதிருமாக இழுக்க வேண்டும்: வடக்கே ஒரு இழுப்பு, உடனே தெற்கே, கிழக்கே ஒன்று, உடனே மேற்கே. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு மடிப்பு கட்டாயம் மிஞ்சும். இழுத்த தோலைக் கட்டையின் பக்கவாட்டில் அழுத்தி ஒட்டி, மேலே கயிறு சுற்றி இறுக்கிக் கட்டிவிடவும்.

பலம் இருக்கிறது என்று முழு மூச்சாக இழுக்காதீர்கள். காயும்போது தோல் தானாகவே சுருங்கி இறுகும். ஈரத்தில் நடுவில் விரலால் அழுத்தினால் சற்றுக் குழிய வேண்டும்; அவ்வளவு தளர்ச்சி போதும். அதற்கு மேல் இழுத்தால் பசையைப் பிய்த்துக்கொண்டு வரும், இல்லாவிட்டால் மூட்டைப் பிளக்கும்.

இரண்டு நாள் நிழல், அப்புறம் ஒரு நாள் இளவெயில். நன்றாகக் காய்ந்த பிறகே கயிற்றை அவிழ்க்கவும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடலாம்.

காய்ச்சுதல்

கட்டி முடித்ததும் ஆசையாக எடுத்து அடித்துப் பார்ப்பார்கள். 'தொப்' என்று வரும். பயப்பட வேண்டாம், காய்ச்சாத தப்பு அப்படித்தான் பேசும். தோல் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துத் தொய்கிறது. தீயில் அந்த ஈரம் போனதும் சுருங்கி விறைக்கிறது. மார்கழிப் பனியில் அதிக நேரமும், சித்திரை வெயிலில் கொஞ்ச நேரமும் காய்ச்ச வேண்டியிருப்பது அதனால்தான்.

தீக்கு வைக்கோல், காய்ந்த தென்னோலை, சருகு இவை போதும். சட்டென்று கொழுந்து எழுந்து சீக்கிரம் அடங்குகிற தீயாக இருக்க வேண்டும். விறகுத் தணல் வேண்டாம். அதன் சூடு ஒரே இடத்தில் நின்று தோலைக் கருக்கும். பிளாஸ்டிக், டயர் எதையும் போடாதீர்கள். தப்பைத் தீயிலிருந்து ஒரு முழத் தூரத்தில், தோல் தீயைப் பார்க்கும்படி பிடித்து, நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவைக் காட்டிலும் ஓரங்களுக்குச் சூடு அதிகம் காட்டுங்கள். இடையிடையே எடுத்து விரலால் சுண்டுங்கள். 'தொப்' மாறி 'டங்' ஆகும். அந்த 'டங்' எட்டுத் திசையிலும் ஒரே மாதிரி கேட்டால் போதும். இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்கிற ஆசையில்தான் தோல் வெடிக்கும்.

குழுவாக அடிக்கும்போது எல்லாத் தப்பையும் ஒரே தீயில் காய்ச்சி ஒன்றுக்கொன்று சுருதி பார்த்துக்கொள்வோம். ஆட்டம் நீண்டால் நடுவில் ஒரு முறை தீ மூட்ட வேண்டியிருக்கும். விழா நடத்துகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி ஓர் இடம் கேட்டு வையுங்கள். நகரத்து அரங்குகளில் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால் சிலர் இரும்பு வளையமும் பைபர் முகமும் போட்டு, போல்ட் முறுக்குகிற பறைக்கு மாறிவிட்டார்கள். மழை நாளுக்கு அது உதவும், அடுக்குமாடியில் பழகுகிறவர்களுக்கும் வசதி. ஆனால் எல்லோரும் அதற்கே போய்விட்டால் தோல் பதம் அறிந்த கைகளுக்கு வேலை இருக்காது, அந்த அறிவும் அவர்களோடு முடிந்துவிடும். அதனால் என் குழுவில் தோல்தான்.

பிடிப்பும் அடியும்

சட்டத்தில் ஒரு கயிறு கட்டி, அதை இடது தோளில் மாட்டி, தப்பு இடது விலாவை ஒட்டித் தொங்கட்டும். இடது முன்கை சட்டத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். அந்தக் கையில் சுண்டுக்குச்சி: மூங்கிலை மெல்லிசாகச் சீவியது, 28 செ.மீ. அளவு. வலது கையில் அடிக்குச்சி: குட்டையானது, தடித்தது, 18 செ.மீ. அளவு, பூவரசங்கம்பில் செதுக்கிக்கொள்ளலாம். பாரத்தைத் தோள்தான் தாங்க வேண்டும். இடது கை தாங்கினால் சுண்டுக்குச்சி விறைத்துப் போகும்.

அடிப்படை மூன்றே மூன்று. அடிக்குச்சியால் முகத்தின் நடுவில் ஓர் அடி. இதை 'கு' என்று வாயால் சொல்கிறோம். சுண்டுக்குச்சியின் முழு நீளமும் தோலில் படும்படி ஓர் அறை, அது 'த'. இரண்டும் நூலிழை முன்பின்னாகச் சேர்ந்து விழுந்தால் 'ஜ'. சொற்கட்டு குழுவுக்குக் குழு மாறும், அடி மாறாது. முதலில் குச்சி இல்லாமல் வாயால் சொல்லி, காலால் எட்டு வைத்துப் பழகுங்கள். கு, த, கு, த என்று ஒரு எட்டுக்கு ஓர் அடி. அது நடையோடு சேர்ந்த பிறகு ஜ, கு, த, கு. தப்பு நின்றும் நடந்தும் ஆடியும் அடிக்கிற வாத்தியம். உட்கார்ந்து பழகினால் பிறகு கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும்.

இதிலிருந்துதான் ஒற்றையடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருளடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று எல்லாம் விரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கான இடம் உண்டு. மருளடியைப் பிறந்தநாள் விழாவில் அடிக்காதீர்கள். அந்த அடிக்குச் சாமி வந்து ஆடிப் பழகியவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள்.

எங்கே அடிப்பது, எப்படிப் போவது

ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை இருப்பதுபோலப் பறையும் உண்டு என்று தொல்காப்பியம் கருப்பொருள்களில் சேர்த்து வைத்திருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், காளை விடுவது, சாவு என்று ஊரில் எது நடந்தாலும் பறை முன்னால் போனது. அடித்தவர்களை மட்டும் பின்னால் நிறுத்தினார்கள். சாவு வீட்டில் அடிப்பது சாதியின் பேரால் சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. அதனால்தான் பல ஊர்களில் "இனி அடிக்க மாட்டோம்" என்று தப்பைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஊரிலும் வைத்தார்கள். அப்பா கட்டிய தப்பு வெகுகாலம் பரணில் கிடந்தது. வைத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எடுத்ததும் சரி, இந்த முறை எங்கள் விருப்பத்தின் பேரில் எடுத்தோம். பறையை விடுதலையின் குரலாக ஏந்திய கலைக்குழுக்கள் அதற்குத் தைரியம் கொடுத்தன. பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் தோளில் மாட்டி ஆடியதைப் பார்த்துத்தான் என் போன்றவர்களும் முற்றத்துக்கு வந்தோம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது எனக்கு நிம்மதி. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது.

ஆகவே நீங்கள் எந்தச் சாதியாக இருந்தாலும், குச்சியைப் பிடித்த பிறகு சில விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். எங்கே கூப்பிட்டாலும் சம்பளத்தை முன்பே பேசி முடியுங்கள். சாராயத்தைக் கூலியில் சேர்க்க விடாதீர்கள். மற்றவர்களுக்கு நாற்காலியும் பந்தியும் இருந்தால் உங்களுக்கும் அதே நாற்காலி, அதே பந்தி. சாவுக்குப் போவதும் போகாததும் குழுவின் விருப்பம். ஊர் வழக்கம் என்று யார் சொன்னாலும் அதற்காகப் போக வேண்டியதில்லை. விருப்பத்தோடு போனால் நன்றாக அடியுங்கள், ஒரு மனிதரை வழியனுப்புவது பெரிய காரியம். மேடையில் உங்களை அறிமுகம் செய்யும்போது தோல் பதம் பார்த்துக் கட்டியவரின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. அடித்து முடித்ததும் சூடு ஆறிய பிறகே பையில் போடவும். மழைக்காலத்தில் தரையில் வைக்காமல் அடுப்படிப் பக்கம், தோல் சுவரில் படாமல் மாட்டி வையுங்கள். எலிக்கும் கரப்பானுக்கும் இந்தப் பசை பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு தடவை ஓரங்களைப் பாருங்கள். தோல் கிழிந்தால் ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டாம், சத்தம் தேறாது. வெந்நீரில் நனைத்த துணியை ஓரத்தைச் சுற்றிப் போட்டு வைத்தால் பசை இளகி, பழைய தோல் முழுசாகக் கழன்று வரும். கட்டையைச் சுரண்டி, நிழலில் காய வைத்து, மூட்டு ஆணிகளை ஒரு முறை முடுக்கிவிட்டு அடுத்த தோலை ஊறப்போடலாம்.